சென்னையில் மகப்பேறு பாடமான வரலாறு

சென்னையில் பெண்களின் உடல்நலம் மருத்துவக் கல்வியில் இடம்பெற்றதற்கு அடித்தளம் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி. 1844-இல் தொடங்கி, 1882-இல் இன்றைய இடத்துக்கு வந்த இம்மருத்துவமனையில் மருத்துவ மாணவர்கள் மட்டுமின்றி மருத்துவச்சிகளும் பயின்றனர்.

ஆனால் ஆண் மருத்துவர் தொடுவதை விரும்பாத பெண்கள், குறிப்பாகப் பிற ஆண்களின் பார்வையில் படாமல் வாழும் கோஷா முறையைப் பின்பற்றியவர்கள், எவ்வளவு வலி வந்தாலும் வீட்டிலேயே கிடந்தனர். வழக்கறிஞரின் மனைவியான மேரி ஷார்லீப் இதைக் கண்டு முதலில் எழும்பூரில் பிரசவம் பார்க்கக் கற்றார். அது போதாதென்று உணர்ந்து முழு மருத்துவம் படிக்க அனுமதி கேட்டார். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் துணைநிற்க, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனிலேயே பெண்களுக்கு மருத்துவக் கல்விக் கதவுகள் பெரும்பாலும் அடைத்திருந்த காலம் அது. சென்னை முந்திக்கொண்டது சிறிய செய்தியல்ல. லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய ஷார்லீப், 1885-இல் கோஷா பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை கண்டார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இயங்குவது அதுவே.

1912-இல் முத்துலட்சுமி ரெட்டி அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1918-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். எழும்பூரில் பணியாற்றிய ஆ. இலட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேறு மருத்துவ நூல், 1938-இல் வெளிவந்து, இந்திய மருத்துவ மாணவர்களின் பாடநூலாகப் பல பதிப்புகள் கண்டது.