கோப்பு முரண் (மென்பொருட் பொதி)

கோப்பு முரண் என்பது, இயங்குதளத்துடன் வரும் கூறொன்றும் பின்னர் சேர்க்கப்படும் கூடுதல் பொதியொன்றும் ஒரே பாதையில் ஒரே பெயருடைய கோப்பினை நிறுவ முற்படும்போது ஏற்படும் சிக்கல் ஆகும். ஒரே புல எண்ணுக்கு இருவர் பட்டா வைத்திருப்பதை இது ஒத்தது.

டெபியன் வழங்கலின் பொதி மேலாளரான டிபிகேஜி, எக்கோப்பு எப்பொதிக்கு உரியது என்ற பட்டியலைப் பேணுகிறது. வேறு பொதிக்கு உரிய கோப்பினை மேலெழுத நேர்ந்தால் நிறுவலை நிறுத்திவிடும். 'ஃபோர்ஸ் ஓவர்ரைட்' என்னும் தெரிவினால் இத்தடையை மீறலாம். பலர் இதனையே தீர்வாகக் கூறுவது வருந்தத்தக்கது. மீறினால் கோப்பின் உரிமை புதிய பொதிக்கு மாறிவிடுகிறது. பின்னர் அப்பொதியை நீக்கும்போது கோப்பும் நீங்கும். பழைய பொதி பட்டியலில் நிறுவப்பட்டதாகவே இருக்கும், ஆயினும் கோப்பின்றிப் பழுதுபட்டிருக்கும். எப்பொதிக்கும் உரியதல்லாத, பயனர் தாமே படியெடுத்து வைத்த கோப்பாயின் டிபிகேஜி எச்சரிக்கையின்றியே மேலெழுதும்.

தமிழ்நாட்டில்

சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்சு டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், கன்னியாகுமரி உள்ளிட்ட மாவட்டங்களின் மாணவர்களுக்கு விண்டோசுடன் பாஸ் நிறுவப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. இத்தகைய கணினியில் உபுண்டுவின் களஞ்சியத்தைச் சேர்ப்பது முரணுக்கு வழிவகுக்கும். இரண்டும் டெபியன் வழிவந்தவை, பொதி வடிவமும் ஒன்றே. ஆனால் கோப்புகள் பொதிகளுக்கிடையே பிரிக்கப்பட்டுள்ள விதம் வேறுபடலாம். இவ்வாறு கலக்கப்பட்ட நிறுவலை டெபியன் சமூகத்தினர் 'பிராங்கன்டெபியன்' என்பர். இணைய இணைப்பு இல்லாத இடத்தில் இழந்த பொதியை மீட்பது எளிதன்று என்பதால் பாதிப்பு கூடுதலாகிறது.

தவிர்க்கும் முறைகள்

கோப்பு முறைமைப் படிநிலைச் சீர்தரம் 'யூஎஸ்ஆர்/லோக்கல்' அடைவை அக்கணினியின் நிர்வாகிக்கும், 'ஆப்ட்' அடைவைக் கூடுதல் மென்பொருட்களுக்கும் ஒதுக்குகிறது. டெபியன் பொதிகள் 'யூஎஸ்ஆர்/லோக்கல்' அடைவில் கோப்பு எதனையும் இடுதல் கூடாது. எனவே, எடுத்துக்காட்டாக, தனியே பெற்ற தமிழ் எழுத்துருக்களை 'யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்' அடைவிலோ பயனரின் வீட்டு அடைவிலோ இடுவதே பாதுகாப்பானது.

கருனிக் கூறுகளுக்கு (கெர்னல் மாட்யூல்) டெல் நிறுவனம் 2003இல் டிகேஎம்எஸ் கருவியை உருவாக்கியது. டெபியனில் இது கூடுதல் கூறுகளை 'அப்டேட்ஸ்' என்னும் தனி உள்ளடைவில் இடுகிறது. டெப்மாட் நிரல் அவ்வடைவுக்கே முன்னுரிமை அளிப்பதால் இயங்குதளத்தின் மூலக்கூறு அழிக்கப்படாமலே புதியது இயங்கும். கருனி மாறும்போது கூறு மீண்டும் தொகுக்கப்படுகிறது.

பைத்தானில் 'பிப்' கருவி இயங்குதளத்தின் கூறுகளுடன் மோதுவது நெடுநாளையச் சிக்கல். 2023இல் வெளியான டெபியன் 12 முதல், மெய்நிகர்ச் சூழலுக்கு வெளியே பிப் மூலம் நிறுவுவது இயல்பாகவே மறுக்கப்படுகிறது.

பொதி ஆக்குநர்கள் முரண்படும் பொதிகளை 'கான்ஃபிளிக்ட்ஸ்' புலத்தில் அறிவிக்கலாம். ஒரே பணியைச் செய்யும் நிரல்களுக்கு 'ஆல்டர்நேட்டிவ்ஸ்' முறை உள்ளது. பணி வேறாயின் அம்முறை பொருந்தாது. பெயர் மாற வேண்டும். நோட்.ஜேஎஸ் நிரலும் அமெச்சூர் வானொலிக்கான பழைய நிரலொன்றும் 'நோட்' என்ற பெயரையே கொண்டிருந்தன. 2012இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு நோட்.ஜேஎஸ்ஸை 'நோட்ஜேஎஸ்' என்ற பெயரில் நிறுவப் பணித்தது. அத்தீர்மானம் 2017இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.