கூடங்குளம் எழுப்பிய மூன்று கேள்விகள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துபவரின் மகன் ஒருவன் என் வகுப்பில் கேட்டான்: “2012ஆம் ஆண்டு மின்வெட்டில் எங்கள் பட்டறை பாதி நாள் மூடிக் கிடந்ததாம். அப்போது போய்க் கூடங்குளத்து மக்கள் அணுமின் நிலையம் வேண்டாம் என்றார்களே, ஏன் சார்?”

நியாயமான கேள்விதான். விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம், வாருங்கள்.

1988 நவம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். செர்னோபில் விபத்து நிகழ்ந்து அப்போது இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன. 1989 மே 1ஆம் நாள் மீனவர்களின் ஊர்வலம் கன்னியாகுமரியில் முடிந்தபோது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர்.

முதல் கேள்வி: நீர்

பேச்சிப்பாறை அணையிலிருந்து நிலையத்துக்கு நன்னீர் கொண்டுவருவது முதல் திட்டம். ‘எங்கள் வயல்கள் என்னாவது?’ என்றனர் உழவர்கள். மீனவர்களோ கடலைப் பற்றிக் கவலைப்பட்டனர். கணக்கைப் பாருங்கள். 1000 மெகாவாட் மின்சாரம் பெற, உலையில் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாக வேண்டும். மீதி 2000 மெகாவாட் கடலுக்குத்தான் போகும். பிற்பாடு அணை நீர் கைவிடப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் ஆலை நிலையத்திலேயே அமைந்தது. சூடேறிய நீர் மட்டும் இன்றும் கடலையே சேர்கிறது.

இரண்டாம் கேள்வி: அணையாத வெப்பம்

அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டால் தீ அடங்கும். ஆனால் அணுப்பிளவை நிறுத்திய பின்னும் உலையில் கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் இந்த வெப்பம் சுமார் 200 மெகாவாட்! குளிரூட்டும் பம்புகள் நின்றால் எரிபொருள் உருகிவிடும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தபோது நேர்ந்தது அதுதான். 2004 சுனாமியில் உறவினரைப் பறிகொடுத்த கடற்கரை மக்கள் அதைக் கண்டு அஞ்சியதில் வியப்பென்ன? இடிந்தகரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மின்சாரமின்றிக் காற்றோட்டத்தாலேயே வெப்பத்தை நீக்கும் ஏற்பாடு இங்குண்டு என்று பொறியாளர்கள் விடையளித்தனர். அது உண்மையே.

மூன்றாம் கேள்வி: கழிவு

பயன்படுத்திய எரிபொருளிலுள்ள புளூட்டோனியம்-239இன் அரை ஆயுட்காலம் சுமார் 24,000 ஆண்டுகள். அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையப் பத்து அரை ஆயுட்காலங்கள், அதாவது 2,40,000 ஆண்டுகள் ஆகும். ஆவடிக்கு வடமேற்கே, பூண்டிக்கு அருகில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே மனிதர் கற்கருவி செதுக்கிய காலம் அத்தனை பழையது! புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் எரிபொருளாக்கலாம் என்பர். அப்போதும் மிஞ்சும் கழிவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காக்க வேண்டும்.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் 15 கட்டளைகளுடன் நிலையத்தை இயக்க அனுமதித்தது. கழிவை நிலத்தடியில் ஆழப் புதைத்துக் காக்கும் நிரந்தரக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே மின்சாரம் வந்துவிட்டது. கிடங்கு இன்னும் வரவில்லை.

“உன் அப்பாவின் பட்டறைக்கு மின்சாரம் தேவை, அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது” என்று அந்த மாணவனிடம் சொன்னேன். முதல் கேள்வி திட்டத்தையே ஓரளவு மாற்றியது. இரண்டாவதற்குப் பொறியியல் விடை தேடிற்று. மூன்றாவது உங்களைப் போன்ற இளைஞர்களுக்காகக் காத்திருக்கிறது.