முதலில் பாயிண்ட், கடைசியில் கார்புரேட்டர்

அப்பாவின் 1977 மாடல் அம்பாசிடரை மயிலாடுதுறையிலிருந்து லாரியில் ஏற்றி, கராடிக்குக் கொண்டு வந்தாச்சு. "விற்றுத் தொலைடா, யார் ஓட்டப் போறா?" என்று அம்மா. "ஒரு வருஷம் வெச்சுப் பார்ப்போம்" என்று நான். வந்த நாளிலிருந்து வண்டி என்னைப் பழிவாங்கியது. ஐடிலிங் நிற்கவில்லை. நகர் ரோடில் ஏறினால் திணறல், கால் எடுத்தால் சைலன்சரில் 'டப்'.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: கார்புரேட்டர். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதைத் திருகினேன். மூன்றாவது வாரம் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை :-)

நான் திருகிக்கொண்டிருந்த பொருளின் கதை ரொம்ப சுவாரசியம். அதன் பெயர் எஸ்.யூ., அதாவது ஸ்கின்னர்ஸ் யூனியன். ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் லண்டனில் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1905-ஆம் ஆண்டு வாக்கில் அவர் அமைத்த முதல் கார்புரேட்டர்களில், காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஏறி இறங்கியது தோலால் ஆன ஒரு துருத்தி! குலத்தொழில் விடுமா? பின்னால் தோல் போய் உலோகப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்கு பிஸ்டன் எழும்பும். அதன் அடியில் இருக்கும் கூம்பு ஊசியும் கூடவே எழும்பி, அதற்கேற்ற பெட்ரோலை விடும். அவ்வளவுதான் சூட்சுமம். 1926-இல் வில்லியம் மோரிஸ் அந்தக் கம்பெனியையே வாங்கினார். அந்த மோரிஸின் பெயரில் வந்த ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் சீரிஸ்தான் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆனது.

நான்காவது வாரம், பக்கத்தில் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். எல்லாரும் அவரை 'சாச்சா' என்கிறார்கள். அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். "சாஹேப், முதலில் கரண்ட். அப்புறம்தான் பெட்ரோல்."

அந்தக் கரண்டுக்கு மூலகர்த்தா அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910 மாடல் கேடிலாக்கில் அவருடைய இக்னிஷன் வந்தது. பாயிண்ட் இரண்டும் ஒட்டியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். கேம் அவற்றைப் பிரித்ததும் அந்த ஓட்டம் சட்டென்று அறுந்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து பிளக்கில் பொறி தெறிக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால், பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை பிரிந்து சேர வேண்டும். தேயாமல் என்ன செய்யும்?

எங்கள் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரில் லூகாஸ்-டிவிஎஸ் என்று பொறித்திருந்தது. 1961-இல் தொடங்கிய கம்பெனி. தொழிற்சாலை நம்ம சென்னை பாடியில். புனேவில் பானட்டுக்குள் பாடியைப் பார்த்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், மெக்கானிக் பாஷையில் 15 தவ். எங்கள் வண்டியில் அதில் பாதிதான் இருந்தது. கேமில் உரசும் குதிகால் தேய்ந்துவிட்டது. கேமுக்கு ஒரு சொட்டு கிரீஸ் வைக்காதது என் தப்பு. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகப் பிரியும், பொறியும் தாமதமாகும். பெட்ரோல் எரிந்து முடியும் முன்பே சைலன்சர் பக்கம் போய்விடும். திணறலுக்கும் 'டப்'புக்கும் காரணம் இதுதான். நான் திருகியது வேறு உறுப்பை!

சாச்சா பாயிண்டைத் தேய்த்து, ஃபில்லர் கேஜ் வைத்து இடைவெளி சரிசெய்தார். ஒரு சின்ன பல்பைக் கட்டி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி டைமிங் பிடித்தார். பிளக் இடைவெளிக்குக் கேஜ்கூட எடுக்கவில்லை. ஹேக்சா பிளேடை நுழைத்துப் பார்த்தார். அதன் கனம் ஏறக்குறைய 25 தவ், பிளக்குக்கு வேண்டியதும் அதேதான். கடைசியாக எஸ்.யூ.வின் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கினார். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், படுத்துவிட்டால் குறைவு, லேசாக ஏறி நிதானத்துக்கு வந்தால் சரி. எங்கள் வண்டி படுத்தது.

ஏன் என்று யோசித்தேன். புனே கடல்மட்டத்துக்கு சுமார் 560 மீட்டர் மேலே. காற்று சற்று மெலிவு என்பதால் ஊரில் வைத்த செட்டிங் இங்கே பெட்ரோல் அதிகமாகத்தான் காட்ட வேண்டும். ஆனால் 2025-இல் நம் பெட்ரோலில் எத்தனால் பங்கு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். அதனால் பழைய செட்டிங்கில் கலவை மெலிந்துவிடுகிறது. ஊசியும் ஜெட்டும் அமைத்தவர்கள் கனவிலும் நினைக்காத எரிபொருள் இது. ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினார், வண்டி அடங்கியது.

இந்த வித்தை எந்த பாடப்புத்தகத்தையும் நம்பி நம் ஊரில் வளரவில்லை. வேறு கார் கிடைக்காத காலத்தில், ஒரே எஞ்சினைப் பல வருஷம் தெருவோரத்தில் பிரித்துப் பிரித்துக் காதுகள் பழகின. 2000-க்குப் பிறகு மாசு விதிகள் இறுகி, புதுக் கார்களில் கம்ப்யூட்டரே பெட்ரோல் அளந்தது. 2014-இல் அம்பாசிடர் நின்றது. 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து பத்மினி டாக்சிகளும் போயின. காற்று சுத்தமாக அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சாச்சாவின் ஷெட்டில் இந்த வேலை கற்க ஒரு பையன்கூட இல்லை.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்குப் போன் போட்டு, பானட் பக்கத்தில் பிடித்தேன். அரை நிமிஷம் பேச்சில்லை. "மூணாவது சிலிண்டர் இன்னும் விட்டு விட்டு அடிக்குதுடா. பிளக் ஒயரைப் பாரு."

பார்த்தேன். லூசாக இருந்தது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், வண்டி விற்பனைக்கு இல்லை. அடுத்த ஞாயிறு சாச்சாவிடம் ஃபில்லர் கேஜ் பிடிக்கப் பழகப் போகிறேன்.