ஒரு குப்பிக்குள் ஒரு சாக்கு இலை: தைலம், கற்பூரம், அத்தர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

மஃக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் படியருகில் தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் நிற்பார்கள். ஓதிப் பார்க்கச் சொல்வார்கள். செவ்வாப்பேட்டையில் மார்கழி, தை மாதப் பனியில் இந்தக் கூட்டம் இன்னும் அதிகம். குழந்தையின் பக்கம் குனிந்தாலே தைல வாசனை மூக்கில் ஏறும். நெற்றியில், நெஞ்சில், உள்ளங்காலில், சில நேரம் மூக்குக்குக் கீழேயும் தடவியிருப்பார்கள்.

"ஹஜ்ரத், சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவினேன், கேக்கல. பால்ல ஒரு சொட்டு தைலம் விட்டுக் கொடுத்தா சளி அறுத்துக்கிட்டு வரும்னு சொல்றாங்க. கொடுக்கலாமா?"

இப்படிக் கேட்பவர் ஒருவர் இருவர் அல்ல. கொடுக்கவே கூடாது என்பதுதான் பதில். ஏன் கூடாது என்பதைச் சொல்ல, தைலம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் செக்கில் ஆட்டி எடுப்பவை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை நிற்கும். இலை, பூ, பட்டை, வேர் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் நறுமண எண்ணெய் அப்படியல்ல. அது காற்றில் பறந்துவிடும் தன்மை கொண்டது. அதனால்தான் குப்பியைத் திறந்ததும் அடுத்த அறைவரை மணக்கிறது. இலைகளைக் கொதிநீரின் ஆவியில் வேகவைத்தால், ஆவியோடு சேர்ந்து இந்த எண்ணெயும் மேலே எழும். ஆவியைக் குழாய் வழியே கொண்டுபோய்க் குளிரவைத்தால் தண்ணீர் கீழேயும் எண்ணெய் மேலேயும் பிரிந்து நிற்கும். சித்த மருத்துவத்தில் இந்தக் கருவிக்கு வாலை என்று பெயர். வடித்தெடுத்த மணநீரைத் தீநீர் என்பார்கள். யூனானியில் அதுவே அர்க்.

நறுமணம் வடிக்கும் கலையைக் கண்டுபிடித்தவர் இப்னு சீனா என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அவர் பிறந்தது கி.பி. 980ல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, ஒன்பதாம் நூற்றாண்டில், பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி நறுமணப் பொருள்களையும் வடித்தலையும் பற்றித் தனி நூலே எழுதிவிட்டார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உண்டு. வடித்தல் என்பது அவருக்கும் முன்பிருந்தே உலகம் அறிந்த ஒன்று. முஸ்லிம் அறிஞர்கள் அதை அளவோடும் முறையோடும் எழுதி வைத்து வளர்த்தார்கள் என்று சொன்னால் அது சரியாக இருக்கும். பெருமைக்காக வரலாற்றைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, உள்ளதே போதும்.

நம் வீடுகளில் அதிகம் புழங்கும் நீலகிரித் தைலத்துக்கு வருவோம். யூகலிப்டஸ் நம் ஊர் மரமல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து 1843ல் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். பிறகு விறகுக்காக மலையெங்கும் நட்டார்கள். அங்குள்ளவர்கள் அதைக் கற்பூர மரம் என்கிறார்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளி, பெரிய கொப்பரைகளில் அடைத்து, விறகு எரித்துத் தைலம் வடிப்பது அங்கே குடிசைத் தொழில். சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்க்கும் தைல மரம் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இனம். மருந்துத் தைலம் பெரும்பாலும் மலை மரத்திலிருந்து வருகிறது. அதன் மணத்துக்குக் காரணம் சினியோல் என்ற பொருள். மருந்துத் தரமான தைலத்தில் சினியோல் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது பிரிட்டிஷ் மருந்துத் தர நூல்.

கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ நூறு கிலோ இலையை வேகவைத்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் தைலம் கிடைக்கும். அப்படியானால் 100 மில்லி குப்பிக்குள் பத்து கிலோ இலை, அதாவது ஒரு சாக்கு இலையின் சாரம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டித் தைலம் அரைக் கிலோ இலைக்குச் சமம். நம் நன்னிமார்கள் வேது பிடிக்கும்போது நொச்சி இலையிலும் தைல இலையிலும் இரண்டு கைப்பிடி பறித்துப் பானையில் போட்டார்கள். யாரும் அரைக் கிலோ இலையை அரைத்துக் குழந்தைக்குப் புகட்டவில்லை. இன்று இலை போய்க் குப்பி வந்துவிட்டது. இலையின் மேல் இருந்த நம்பிக்கையை நாம் அப்படியே குப்பியின் மேல் வைத்துவிட்டோம். பெயர் ஒன்று, அளவு வேறு. தவறு நடக்கும் இடம் இதுதான்.

தைலத்தைக் குடித்தால் என்ன ஆகும்? சிறு குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி அளவு உள்ளே போனாலே மயக்கம், மூச்சுத் தடுமாற்றம், வலிப்பு வரை போகலாம். பெரியவர்களுக்கும் இது உள்ளுக்குச் சாப்பிடும் பொருளல்ல. முகர்வதிலும் தடவுவதிலும்கூட எல்லை உண்டு. யூகலிப்டஸ் தைலத்தை முகர்ந்ததால் வலிப்பு வந்த நோயாளிகளைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2017ல் ஆய்விதழில் எழுதினார்கள். வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால் தைலமும் கற்பூரமும் அவர்களுக்கு வேண்டாம். காரணம் தெரியாமல் ஒருவருக்கு வலிப்பு வந்தால், அன்று என்ன தடவினார், எதை முகர்ந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கொரோனா காலம் நினைவிருக்கும். 2021 மே மாதத்தில் தெருவோரங்களில் குக்கரையும் குழாயையும் வைத்து வரிசையாக ஆவி பிடித்தார்கள். பொது இடங்களில் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. வீட்டில் பெரியவர்கள் மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதில் தவறில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஓரிரு சொட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தையைப் போர்வைக்குள் இழுத்து வைத்து ஆவி பிடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தைலத்தைவிடக் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்வதுதான் அங்கே முதல் ஆபத்து.

இனி சூடம். கற்பூரத்துக்கும் நமக்கும் பழைய உறவு. நபி (ஸல்) அவர்கள் தம் மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களிடம், தண்ணீரும் இலந்தை இலையும் கொண்டு கழுவி, கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேர்க்கச் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. இன்றும் நம் ஊர்களில் மய்யித் குளிப்பாட்டும் சாமான்களில் கற்பூரம் இருக்கும். அக்காலத்தில் உயர்ந்த கற்பூரம் சுமத்திரா தீவின் பாருஸ் துறையிலிருந்து கப்பலேறியது. அதை வாங்க அரபு வணிகர்கள் போனார்கள். தமிழ் வணிகர்களும் போனார்கள். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அந்தப் பாருஸ் பகுதியில் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் இதைப் படித்தபோது, மதரஸாவில் ஓதிய காஃபூர் என்ற சொல் வேறு முகத்தோடு எதிரே வந்து நின்றது போல இருந்தது எனக்கு.

இன்று கடையில் வாங்கும் சூடம் பெரும்பாலும் மரத்திலிருந்து வடித்ததல்ல. பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனைக் கொண்டு தொழிற்சாலையில் செய்வது. ஜனாஸாவுக்கு அதைப் பயன்படுத்துவதில் சிரமமில்லை. வாயில் போடுவதுதான் விபரீதம். ஒரு கிராம் சூடம், அதாவது ஒரு சிறிய வில்லை, சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வெள்ளையாக, கற்கண்டு போல இருப்பதால் தவழும் குழந்தை எடுத்து வாயில் வைத்துவிடும். அமெரிக்காவில் கற்பூரம் கரைத்த எண்ணெயை 1980களின் தொடக்கத்திலேயே விற்பனையிலிருந்து நீக்கினார்கள். மற்றத் தைலங்களில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்றும் வரம்பு வைத்தார்கள். நாம் வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் எவ்வளவு சூடம் போடுகிறோம் என்று யாராவது நிறுத்துப் பார்த்திருக்கிறோமா?

சொர்க்கத்துப் பானத்தில் காஃபூர் கலந்திருக்கும் என்று குர்ஆனில் (76:5) வருவதை எடுத்துக்காட்டி, அப்படியானால் சாப்பிடலாம்தானே என்று கேட்டவர்களும் உண்டு. அது மறுமையின் செய்தி. இம்மையில் சூடம் தின்பதற்கு அது ஆதாரமாகாது.

இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கற்பூரம், மென்தால், யூகலிப்டஸ் கலந்த எதையும் நெஞ்சிலும் தடவ வேண்டாம். மூக்கருகில் தடவினால் சில குழந்தைகளுக்கு மூச்சே ஒரு கணம் நின்றுவிடும். குப்பியிலும் டப்பாவிலும் இது சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். நாம்தான் படிப்பதில்லை. கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டும் தாய்ப்பாலும் போதும். மூச்சிரைத்தால் தாமதிக்காமல் மருத்துவமனை. அண்டை வீட்டாருக்கு வைத்தியம் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பு என்ற கருத்து அபூதாவூதில் பதிவான நபிமொழியில் உள்ளது, அதை வைத்து ஃபிகஹ் நூல்களில் இழப்பீடு வரை பேசியிருக்கிறார்கள்.

எல்லா வாசனைப் பொருளும் இப்படியா என்று பயப்பட வேண்டாம். ஓம வாட்டர் என்று வாங்குகிறோமே, அது ஓமத் தீநீர். வடித்த தண்ணீர் அது. எண்ணெய் அதில் மிகச் சொற்பம். ஆகவே அளவோடு குடிக்கலாம். பிரியாணியில் தெளிக்கும் பன்னீரும் அப்படியே. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் இதழ் வேண்டும் என்பதால் எண்ணெயின் விலையை நினைத்துப் பார்க்கவே முடியாது. பன்னீர் மலிவு; அதில் இருப்பது வாசனையின் நிழல்தான். கிராம்பு எண்ணெய் பல்வலிக்கு உண்மையிலேயே உதவும். அதிலுள்ள யூஜெனாலைத்தான் பல் மருத்துவர்களும் தற்காலிகமாகக் குழி அடைக்கும் பசையில் துத்தநாக ஆக்ஸைடோடு குழைக்கிறார்கள். பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துப் பல்லில் வைக்க வேண்டும்; ஈறில் பட்டால் புண்ணாகும். வலி நின்றதும் பல் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. எலுமிச்சம்புல் எண்ணெய் தரை துடைக்கும் தண்ணீருக்கு நல்லது. சிட்ரோனெல்லா கொசுவை விரட்டும், ஆனால் ஓரிரு மணி நேரம்தான். டெங்கு காலத்தில் அதை மட்டும் நம்பி வலையை மடித்து வைக்காதீர்கள்.

கருஞ்சீரக எண்ணெயை இந்த வரிசையில் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். அதன் சிறப்பைச் சொல்லும் நபிமொழி எல்லோரும் அறிந்தது. கடையில் கிடைப்பது விதையை அழுத்திப் பிழிந்த எண்ணெய். நல்லெண்ணெய் வகையைச் சேர்ந்தது. ஆவியாகும் பகுதி அதில் சிறு பங்குதான். எனவே தைலத்துக்குச் சொன்ன சொட்டுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இது உணவோடு சேர்ந்தது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். இதைக் குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவது தவக்குல் ஆகாது.

அத்தர் விஷயத்தில் ஏமாறுவது எளிது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றும் செம்புக் கொப்பரையில் பூக்களை இட்டு, மண் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெய் இருக்கும் கலயத்துக்குள் ஆவியை இறக்குகிறார்கள். அதுதான் பழைய முறை. சந்தன எண்ணெய் விலை ஏறிவிட்டதால், திரவ பாரஃபின் போன்றவற்றில் செயற்கை மணம் கலந்ததே சந்தையில் அதிகம். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சந்தன அத்தரில் சந்தனம் இருக்க வழியில்லை. ஆல்கஹால் இல்லாதது என்று எழுதியிருப்பதற்கும், இயற்கையானது என்பதற்கும் சம்பந்தமில்லை. செயற்கை அத்தர் பூசுவது குற்றமல்ல. அதைச் சந்தன விலைக்கு விற்பதுதான் மோசடி. உம்ரா செல்பவர்கள், இஹ்ராமின் தடையில் அத்தரோடு வாசனைச் சோப்பும் அடங்கும் என்பதைப் பெட்டி கட்டும்போதே நினைவில் வையுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள் சிலர் சட்டைப் பையில் எப்போதும் தைல டப்பா வைத்திருக்கிறார்கள். தினமும் நெற்றியில் தேய்க்க வேண்டிய அளவுக்குத் தலைவலி இருந்தால் பார்க்க வேண்டியது கண்ணை, ரத்த அழுத்தத்தை, தூக்கத்தை.

தைலம் வாங்கும்போது கண்ணாடிக் குப்பியில், தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்த பின் எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அடுப்பருகில் வைக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும். இருமல் மருந்துக் குப்பியின் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். இரவில் அரைத்தூக்கத்தில் கை மாறிப்போவது அங்கேதான்.

குழந்தை தைலத்தையோ சூடத்தையோ விழுங்கிவிட்டால் வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. பாலோ எண்ணெயோ புகட்டக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஓதியும் ஊதலாம், துஆவும் கேட்கலாம், ஆனால் 108ஐ அழைத்த பிறகு, வண்டியில் போகும்போது. பக்கத்தில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் போங்கள். விழுங்கிய குப்பியையும் கையில் எடுத்துப் போங்கள். உள்ளே என்ன இருந்தது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் கணக்கிடுவார்.