இரண்டு மருந்துச்சீட்டும் ஒரே முழங்காலும்

கிருஷ்ணன்கோவிலில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரை உள்ள வட்டாரத்தில் உடம்பை மடக்காமல் பிழைப்பு நடப்பதில்லை. வத்திராயிருப்பு வயல்களில் குனிந்து நடவு, ராஜபாளையம் மில்களில் நின்றபடியே ஷிப்டு, சத்திரப்பட்டித் தறிகளில் நாள் முழுக்கப் பேண்டேஜ் துணி. மேற்கே மூலிகைக்குப் பேர்போன சதுரகிரி நிற்கிறது. முழங்கால் பிடித்துக்கொண்டால் முதலில் முடக்கத்தான் ரசமும் நொச்சி இலை ஒத்தடமும். பிறகு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. அதற்கும் மசியாவிட்டால் ஒரு கையில் எலும்பு டாக்டரின் சீட்டு, மறு கையில் வைத்தியரின் தைலமும் லேகியமும். இரண்டு மருத்துவத்தையும் சேர்க்கலாமா என்று மேடையில் விவாதிப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: வீடுகளில் அவை எப்போதோ சேர்ந்துவிட்டன. சேர்ந்ததால் நன்மையா தீமையா என்பதற்குத்தான் கணக்கில்லை. அந்தக் கணக்கை எழுத முனைந்த முயற்சிகளே கூட்டு மருத்துவத்தின் வரலாற்றில் பயன் தந்தவை என்பது என் துணிபு.

இரண்டு மருத்துவத்தையும் சேர்ப்பதைச் சென்னை மாகாணம் முதலில் கல்லூரி வழியாகச் சாதிக்கப் பார்த்தது. 1921இல் அமைந்த உஸ்மான் குழு நாட்டு மருத்துவத்துக்குச் சாதகமாக அறிக்கை தந்தது. அதன் செயலாளரான கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி நவீன மருத்துவம் படித்தவர். அடுத்து கீழ்ப்பாக்கத்தில் தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளிக்கு அவரே தலைமை ஏற்றார். சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் கற்பித்த அந்தப் பள்ளி பின்னாளில் ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரியாயிற்று. 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி என்ற முழு நவீனக் கல்லூரியாக மாறிவிட்டது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்களே ஒழிய, ஒரே நோயாளிக்கு எது எவ்வளவு உதவியது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அங்கே வேர்பிடிக்கவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் வேலைவாய்ப்பு உள்ள பட்டம்தான் ஜெயிக்கும்.

அந்த அளவுகோலைக் கொண்டுவந்தது மூட்டுநோய்தான், அதுவும் கோயம்புத்தூரில். பி.வி. ராம வாரியர் 1943இல் அங்கே ஆர்ய வைத்ய பார்மசியைத் தொடங்கினார். மாதவ நிதானம் என்ற பழைய ஆயுர்வேத நூல் ஆமவாதம் என்று தனி நோயாகப் பிரித்துச் சொன்னதையும் இன்றைய முடக்குவாதத்தையும் அருகருகே வைத்து, 1970களின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு அங்கே ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் தேறினார்கள் என்றது முடிவு. ஒப்பிட வேறு குழு இல்லாததால் மேல்நாட்டு மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நியாயமான தயக்கமே. முடக்குவாதம் தானாகவே ஏறி இறங்கும் நோய். இறங்கும் பருவத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பேர் கிடைக்கும்.

அதே கோவையில், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் அடுத்த ஆய்வு நடந்தது. முடிவு 2011இல் வெளியானது. நோயாளிகள் 43 பேர், காலம் 36 வாரம். ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், ஒரு குழுவுக்கு முடக்குவாதத்துக்கான நவீன மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். ஆளுக்கு ஆள் மருந்து மாறும் வைத்தியத்தைச் சோதிக்கவே முடியாது என்பது வைத்தியர்கள் பல காலமாகச் சொல்லிவந்த ஆட்சேபம். இங்கே வைத்தியர் ஒவ்வொருவருக்கும் நாடியும் பிரகிருதி எனும் உடல்வாகும் பார்த்துத் தன் வழக்கப்படியே எழுதிக்கொடுத்தார். யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு அதே நிறமும் வாசனையும் கொண்ட போலி என்பது மட்டும் அவருக்கும் நோயாளிக்கும் தெரியாது. மருந்தில்லாத மருந்தைக் கஷாயம்போலக் கசக்க வைப்பது லேசான வேலையா? மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். ஆயுர்வேதம் வென்றது என்று இதைத் தம்பட்டம் அடிப்பவர்கள் அது முன்னோட்ட ஆய்வு என்பதை விழுங்கிவிடுகிறார்கள். 43 பேரை மூன்றாகப் பிரித்தால் சிறிய வித்தியாசங்கள் கண்ணில் படாது. இரண்டையும் சேர்த்தவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முந்திவிடவில்லை என்பதும் கூட்டு மருத்துவத்தின் அபிமானிகள் யோசிக்க வேண்டிய விஷயம்.

மருத்துவமனை ஆய்வுக்கு இன்னொரு எல்லை உண்டு: வந்தவரைத்தான் அது பார்க்கும். வராதவரைத் தேடிப்போன வேலை புனே அருகே பிக்வான் கிராமத்தில் 1996இல் தொடங்கியது. டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழு உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்து வீடுவீடாக அனுப்பியது. கேள்வித்தாளில் இருந்த மனித உருவப் படத்தில் வலிக்கும் இடங்களைக் குறித்துவந்தார்கள். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மூட்டு, தசை வலி இருந்தது. முடக்குவாதமோ சுமார் அரை சதவீதம்தான். மூட்டுவலி என்று ஒரே பேரில் நாம் அழைப்பதில் பெரும்பகுதி தேய்மானமும் தசைவலியும் என்பது இதனால் துலங்கியது. சோப்ரா முன்னின்று நடத்திய மூட்டுத் தேய்மான ஆய்வில், 24 வாரங்களில், ஆயுர்வேதக் கலவைகள் செலிகாக்சிப் என்ற நவீன வலி மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்தன. சிலருக்குக் கல்லீரல் நொதி ஏறியதையும் 2013இல் மறைக்காமல் எழுதினார்கள்.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுவதற்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு அந்த நொதிக் கணக்கே பதில். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பதம்பார்க்கக்கூடியது. இரண்டையும் ஒருவர் சேர்த்துச் சாப்பிட்டு, அதை டாக்டரிடமும் வைத்தியரிடமும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? இன்னொரு ஆட்சேபம், நம் விருதுநகர் மாவட்டத்தில் ஆயுர்வேதம் எதற்கு, நம்முடையது சித்தம் அல்லவா என்பது. அது சரியான கேள்வி. கீல்வாயு வகைகளைத் தனியே பகுத்த சித்த மரபும், பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் நமக்கு உண்டு. கோவையில் கஷாயத்துக்குச் செய்த சோதனையைச் சித்தத் தைலத்துக்கும் சூரணத்துக்கும் செய்யத் தடை ஒன்றுமில்லை. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை: முடக்குவாதம் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே மூட்டை அரிக்கத் தொடங்கிவிடும், அரித்தது திரும்ப வளராது. ஆகவே வத்திராயிருப்புப் பக்கம் கேள்வித்தாளோடு யார் வீடுவீடாகப் போனாலும், காலையில் விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிறது என்று சொல்லும் பெண்ணை முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தைலமா மாத்திரையா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.