கழிக்கப்பட்ட கசப்பு: உப்பு, மக்னீசியம், சில உடம்புகள்

1

தமிழில் உப்பைப் பற்றிய பேச்சு எப்போதும் தின்பவர் பக்கம் நின்றே நடக்கிறது. 'உப்புப் போட்டுத்தான் சோறு திங்கிறியா?' என்றால் சொரணை இருக்கிறதா என்று அர்த்தம். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்றால் சோறு போட்டவனுக்கு விசுவாசமாக இரு என்று அர்த்தம். 'உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்' என்றால் தண்டனை. சொரணை, விசுவாசம், தண்டனை என்று ஓர் அறவியலையே உப்பின் மேல் கட்டிவைத்திருக்கும் இந்த வழக்கில், உப்பை வாரியவருக்கு இடமில்லை. உப்பிட்டவர் என்றால் பரிமாறியவர். பாத்தியில் நின்றவர் அல்ல.

ஆரோக்கியம் என்கிற நவீனச் சொல்லாடலும் இதே பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. உப்பு சுத்தமா, அயோடின் இருக்கிறதா, மக்னீசியம் போய்விட்டதா, ரத்த அழுத்தம் ஏறுமா என்கிற கேள்விகள் எல்லாம் தின்கிற உடம்பைக் குறித்தவை. இவை பொய்க் கேள்விகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'சுத்தமான உப்பு' என்பது வரியும் வணிகமும் ஆய்வுக்கூடமும் சேர்ந்து கட்டமைத்த ஒரு பண்டம். அதைச் சுத்தமாக்கக் கழித்துவிட்ட பொருளின் வழியாக அந்த வரலாற்றைப் படிக்க முடியும். அந்தப் பொருளின் பெயர் மக்னீசியம்.

2

முதலில் அளத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு, அதாவது நாம் உப்பு என்று சொல்வது. மக்னீசியம் ஏறக்குறைய 1.3 கிராம். வெயிலில் நீர் வற்ற வற்ற இவை ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம், அதற்கப்புறம் உப்பு. நீரின் அடர்த்தி போமே அளவில் 25-ஐ எட்டும்போது உப்பு மணி கட்டத் தொடங்குகிறது. 29, 30-ஐத் தாண்டினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும், உப்பு கசக்கும். ஆகவே அதற்கு முன்னாலேயே மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இதுதான் கசப்புநீர். தொழிலில் பிட்டர்ன் என்பார்கள்.

கசப்பு மட்டும் பிரச்சினை இல்லை. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்வரை தண்ணீர் உறிஞ்சாது. மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே உறிஞ்சிக் கரைந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் 'உப்பு தண்ணி விட்டுருச்சு' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதைத்தான். உப்பை மரவையிலும் மண்சட்டியிலும் வைத்தது இந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளத்தான். வீட்டு நடைமுறையில் ஈரம் ஒரு குறை அல்ல. உப்பின் சுபாவம், அவ்வளவே. அது குறை ஆனது உப்பு நெடுந்தூரம் போகும் சரக்காகவும், நிறுத்து வரி வாங்கும் சரக்காகவும் மாறிய பிறகு.

அதே ஈரம் வேறு இடத்தில் குணமாகவும் ஆகியது. பஞ்சாலைகளில் பாவுக்குப் பசை போடும்போது நூல் காய்ந்து அறாமல் இருக்க மக்னீசியம் குளோரைடு தேவைப்பட்டது. இந்திய ஆலைகள் அதை ஜெர்மனியிலிருந்து இறக்கின. முதல் உலகப் போரில் அந்தச் சரக்கு நின்றபோதுதான் குஜராத்தின் கரகோடாவில் கசப்புநீரிலிருந்து அதை எடுக்கத் தொடங்கினார்கள். ஒரே பொருள் அடுப்படியில் அசுத்தம், ஆலையில் மூலப்பொருள். சுத்தம் என்பது பொருளின் குணத்தைவிட, யாருக்கு எதற்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது.

3

சங்கப் பாடல்களின் உமணர்கள் வண்டியேற்றிப் போய் நெல்லுக்கு உப்பு மாற்றினார்கள். அந்தப் பரிமாற்றத்தில் அரசு எவ்வளவு குறுக்கிட்டது என்கிற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. உப்பின் மேல் ஓர் அரசு முழுமையாக உட்கார்ந்தது கம்பெனி ஆட்சியில். வங்காளத்தில் 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தொடங்கிவைத்ததை, சென்னை மாகாணத்தில் 1805-ஆம் ஆண்டுச் சட்டம் ஏகபோகமாக்கியது. வங்காளத்தில் உப்பு காய்ச்சிய மலங்கிகள் முன்பணத்தாலும் வற்புறுத்தலாலும் கட்டப்பட்ட உழைப்பாளிகள். கடைசியில் அந்தத் தொழிலையும் செஷயர் உப்பு தின்று தீர்த்தது. லிவர்பூல் துறைமுகம் வழியாக வந்த, கொதிக்கவைத்து எடுத்த, பொடியான, வெள்ளை வெளேரென்ற உப்பு. நல்ல உப்பு என்றால் வெள்ளையான, உதிரியான உப்பு என்கிற அழகியல் கப்பலேறி வந்தது.

சென்னை மாகாணத்தில் இதன் இன்னொரு முகம் மண்ணுப்பு. உவர் மண்ணைக் கரைத்து வடித்து உப்பும் வெடியுப்பும் எடுத்தவர்கள் உப்பிலியர், உப்பாரர் என்று அழைக்கப்பட்ட சாதியினர். ஏகபோகத்துக்கு வெளியே யார் உப்பு எடுத்தாலும் அது களவு. எட்கர் தர்ஸ்டன் சாதிகளைப் பட்டியலிட்ட 1909-ஆம் ஆண்டு வாக்கில் இவர்கள் குளம் வெட்டுபவர்களாக, மண் சுமப்பவர்களாக, ரோடு போடுபவர்களாக ஆகியிருந்தார்கள். பேரில் உப்பு இருந்தது, கையில் இல்லை.

வடக்கே வரிக்காக ஒரு வேலியே எழுந்தது. 1869-இல் சிந்துவிலிருந்து மகாநதி வரைக்கும் சுமார் 2,300 மைல் சுங்கக்கோடு, பெரும்பகுதி முள்வேலி, காவலுக்கு ஏறக்குறைய 12,000 பேர். உப்பு வேலி தாண்டி வராமல் இருக்க ஓர் அரசு காடு வளர்த்தது. 1879-இல்தான் அதைக் கைவிட்டார்கள். வியர்த்து உழைப்பவனுக்கு உப்பு வாங்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை. 1923-இல் சட்டசபை மறுத்தும் வைஸ்ராயின் அதிகாரத்தால் உப்புவரி இரட்டிப்பானது. மறு வருஷம் பழைய அளவுக்கு இறங்கியது.

1930 ஏப்ரல் 6-இல் தண்டி. ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் புறப்பட்டு, 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பள்ளினார்கள். இந்த வரலாறு நம் பாடப்புத்தகங்களில் போதுமான அளவு இருக்கிறது. இல்லாதது ஒன்று: அந்தப் போராட்டத்தில் உப்பு தின்பவரின் உரிமையாகத்தான் வரையறுக்கப்பட்டது. ஒரு பிடி உப்பள்ளுவது அடையாளம். ஆயுளெல்லாம் உப்பள்ளுவது தொழில். அடையாளம் தொழிலை மூடிவிட்டது. 1947-இல் உப்புவரி ஒழிந்தது. அளத்துக் கூலியின் கதை அங்கே தொடங்கவுமில்லை, முடியவுமில்லை.

4

இனி ஆய்வுக்கூடம். 1911-இல் அமெரிக்காவில் மார்ட்டன் கம்பெனி தன் உப்பு கட்டி தட்டாமல் இருக்க ஒரு பொருளைச் சேர்த்தது. மழையிலும் உப்பு உதிரும் என்பதுதான் 1914-லிருந்து அதன் விளம்பரம்: குடை பிடித்த ஒரு சிறுமி. சேர்த்த பொருள் என்ன தெரியுமா? மக்னீசியம் கார்பனேட். ஈரம் இழுக்கும் மக்னீசியத்தை வெளியே தள்ளிவிட்டு, ஈரம் தடுக்கும் மக்னீசியத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை உணவின் தர்க்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்த உதிரி உப்பு அயோடினோடு கைகோத்து வந்தது. இமயமலை அடிவாரத்தில் கழுத்துக் கழலையும் அதன் பின்னால் வரும் மூளைவளர்ச்சிக் குறையும் உண்மையான துயரம். 1956-இல் வி. ராமலிங்கசுவாமியும் சகாக்களும் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. 1983-இல் தனியார் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. டாட்டா உப்புப் பாக்கெட் வந்ததும் அதே வருஷம். 1998 மே மாதம் அயோடின் இல்லாத உப்பை உணவுக்காக விற்பது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2000-இல் தடை விலக்கப்பட்டு, 2006-இல் திரும்ப வந்தது. அந்த விதியை, விதி இயற்றும் அதிகாரத்தை மீறியது என்று 2011-இல் உச்சநீதிமன்றம் சொல்லியும், தடை வேறு சட்டத்தின் கீழ் தொடர்ந்தது.

மக்கள்தொகையின் உயிரை நிர்வகிக்கும் அதிகாரம் என்று மிஷல் ஃபூக்கோ சொன்னதற்கு இது நல்ல உதாரணம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிப் போக விரும்பவில்லை. அயோடின் வேண்டும். காங்ராவின் தாய்க்கு அது கோட்பாட்டு விஷயம் இல்லை. ஆனால் அயோடினுக்கு பாக்கெட்டும் பளபளப்பும் வெள்ளையும் தேவையில்லை. கல்லுப்பின் மேல் பொட்டாசியம் அயோடேட்டைத் தெளித்தால் போதும். மருத்துவத் தேவை ஒன்று, அதன் முதுகில் ஏறி வந்த சந்தை இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காத எதிர்ப்பும் ஆதரவும் ஒரே அளவு சோம்பேறித்தனம்.

5

இப்போது எதிர்த்திசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. 'கல்லுப்புல சத்து இருக்கு, பாக்கெட் உப்புல மக்னீசியத்த எடுத்துட்டான், அதான் இத்தன வியாதி' என்கிறார்கள். இயற்கை, மரபு, பாரம்பரியம் என்ற பெயரில் வரும் இந்தக் குரலை இடதுசாரி நண்பர்கள் பலரும் வாஞ்சையோடு கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஒரு வளர்ந்த உடம்புக்கு 300 முதல் 400 மில்லிகிராம் மக்னீசியம் தேவை. கல்லுப்பில் அரை சதவீதம் மக்னீசியம் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராம் உப்பில் கிடைப்பது 25 மில்லிகிராம். 300 வேண்டுமென்றால் 60 கிராம் உப்புத் தின்ன வேண்டும். சிறுநீரகமும் இதயமும் அதற்குச் சம்மதிக்காது.

அப்படியானால் மக்னீசியம் எங்கே போனது? உப்பிலிருந்து அல்ல, சோற்றிலிருந்து. கீரையின் பச்சையத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது மக்னீசிய அணு. 100 கிராம் கேழ்வரகில் அது 140 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. தவிடு நீக்காத அரிசியில் 90-ஐத் தொடும். ஆலையில் தீட்டிய அரிசியில் ஏறக்குறைய அதன் கால் பங்குதான் மிஞ்சும். தீட்டிய அரிசி உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்வி நம் குன்னூரிலேயே கேட்கப்பட்டது. 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் அங்கே பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். பின்னால் வந்த அய்க்ராய்ட், புழுங்கல் அரிசி ஏன் காப்பாற்றுகிறது என்று ஆராய்ந்தார். அவர்கள் தேடியது வைட்டமினை. ஆனால் அதே தவிட்டோடுதான் மக்னீசியமும் மாட்டுத் தீவனமாகப் போயிற்று. வெள்ளை உப்பைப் பற்றி அங்கலாய்ப்பவர்கள் வெள்ளைச் சோற்றைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கம்பும் கேழ்வரகும் ஏழைச் சாதிகளின் சாப்பாடு என்று இழிவாகி, அரிசிச் சோறு அந்தஸ்தான வரலாறு நம்முடையது. அதைப் பேசினால் சாதியைப் பேச வேண்டிவரும். உப்பைப் பேசினால் மரபோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கழிக்கப்பட்ட மக்னீசியம் மருந்தாகத் திரும்பி வந்ததும் உண்டு. 1618-இல் இங்கிலாந்தின் எப்சம் ஊரில் மாடுகள் குடிக்க மறுத்த ஒரு கசப்பு ஊற்றிலிருந்து வந்ததுதான் நாம் பேதியுப்பு என்கிற மக்னீசியம் சல்பேட். பிரசவக் கால வலிப்பு வரும் அபாயத்தை அது பாதியாகக் குறைக்கிறது என்று, 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களை வைத்து நடந்து 2002-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. மலிவான மருந்து. ஆரோக்கியத்தில் மக்னீசியத்தின் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால், கடையில் விற்கும் மாத்திரையைச் சொல்ல மாட்டேன். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டின் இந்த ஊசியைச் சொல்வேன்.

6

கடைசியாக, யார் உடம்பு என்ற கேள்வி. உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவல் 1979-இல் வந்தது. அதற்குப் பிறகு உப்பளத்தை எத்தனை எழுத்தாளர்கள் மிதித்தோம்?

தூத்துக்குடிப் பக்கத்து அளங்களில் நான் பேசிய பெண்கள் விடியுமுன்னே பாத்தியில் இறங்குகிறார்கள். கீழே கசப்புநீர், மேலே வெயில், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்குள். நாம் தின்னும் உப்பிலிருந்து கழித்த மக்னீசியம் அவர்கள் காலின் வெடிப்பில் எரிகிறது. ஒரு பெண் சொன்னார்: "தண்ணி குடிச்சா ஒதுங்கணும்லா அண்ணாச்சி. எங்க போயி ஒதுங்க? சுத்தியும் வெட்டவெளி. அதான் குடிக்கிறதில்ல." நீர்க்கடுப்பு அவருக்கு ஒரு நோயில்லை, வேலையின் ஒரு பகுதி. தமிழ்நாட்டு உப்பளங்களில் அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள், பெரும்பாலான தொழிலாளர்கள் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெக்கையில் வேலை செய்வதையும், சிலரின் சிறுநீரகம் பழுதாகிவருவதையும் பதிவு செய்திருக்கின்றன.

'உப்பைக் குறைங்க' என்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குச் சரியான அறிவுரை. 1988-இல் 52 மையங்களில் நடந்த இன்டர்சால்ட் ஆய்விலிருந்து இன்றுவரை சான்றுகள் அதன் பக்கம்தான். ஆனால் ஆரோக்கியம் என்பது தின்பதில் மட்டும் இருப்பதாக நம்பவைத்ததுதான் இந்தச் சொல்லாடலின் வெற்றி. வியர்வையில் உப்பை இழந்துகொண்டே உப்பை வாரும் உடம்புக்கு அறிவுரை தேவையில்லை. தண்ணீர், நிழல், கழிப்பறை, ரப்பர் பூட்ஸ், வேலை இல்லாத மழை மாதங்களுக்குக் கூலி என்று அதன் தேவைகள் வேறு.

உப்பின் தரத்துக்கு நம்மிடம் அளவுகள் இருக்கின்றன. ஈரம் எவ்வளவு, சோடியம் குளோரைடு எவ்வளவு, அயோடின் உற்பத்தியிடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கு, வாங்குபவர் கையில் 15 பங்கு. பாத்தியில் நின்றவளுக்குக் குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் இருந்தனவா என்று கேட்கும் ஒரு வரி அந்தத் தரப்பட்டியலில் ஏற வேண்டும். அதுவரைக்கும் எந்த உப்பையும் சுத்தமானது என்று ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை.