வரித்தலை வாத்தும் ஏற்புவலிக் கிருமியும்

இமயத்தைக் கடக்கும் ஒரு பறவைக்கும் நம் காலடி மண்ணில் கிடக்கும் ஒரு பற்றீரியாவுக்கும் என்ன தொடர்பு? ஒட்சிசன்தான்.

வரித்தலை வாத்து மொங்கோலியா, திபெத் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகிறது. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் வரைகூட இறங்கும். 5,500 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். செய்மதி மூலம் கண்காணித்தபோது ஒரு வாத்து 7,290 மீற்றரைத் தொட்டது. (எவரெஸ்ட் உச்சிக்கு மேலால் பறக்கும் என்ற பழைய கதைக்கு அந்தப் பதிவுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.) இதன் ஈமோகுளோபின் சமவெளி வாத்துகளினதை விட இறுக்கமாக ஒட்சிசனைப் பற்றிக்கொள்ளும். நுரையீரலும் பெரிது.

குளொஸ்ரிடியம் ரெற்றனி இதற்கு நேர்மாறு. ஒட்சிசன் பட்டால் அதனால் வளர முடியாது. ஆகவே வித்தியாகி, மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உறங்கும். கொதிநீரையும் தாங்கும். 1889இல் யப்பானியரான கிற்றசாற்றோ இதைத் தனியே பிரித்தெடுத்தார். ஆழமான காயத்தில், குருதி ஓட்டம் அறுந்து இறந்துபோன தசைக்குள் புகுந்தால் அதற்குத் தேவையான ஒட்சிசனற்ற இடம் கிடைத்துவிடும். எறிகணைச் சிதறல் கிழித்த காயம் அத்தகையதே. அங்கு விழித்தெழுந்து அது சுரக்கும் நச்சு, தசைகளைத் தளர்த்தும் நரம்புச் சைகைகளைத் தடுக்கிறது. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், பிறகு உடல் வில்லாக வளையும். முதலாம் உலகப் போரில், 1914இன் பிற்பகுதியில் காயமடைந்த படையினருக்கு நச்செதிர் ஊசி போடத் தொடங்கிய பிறகே இந்நோய் வெகுவாகக் குறைந்தது.

துருப்பிடித்த ஆணிதான் காரணம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். துருவில் ஒன்றுமில்லை, ஆணி ஏற்றும் மண்ணும் அதன் ஆழமுமே ஆபத்து. தோட்டத்தில் மண்வெட்டி பட்டாலும், முள் ஆழமாக ஏறினாலும் அப்படித்தான். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். சாம்பலோ சாணமோ பூசவே கூடாது, அது கிருமியை நாமே உள்ளே வைப்பதாகும். அழுக்கான அல்லது ஆழமான காயமென்றால், கடைசி ஏற்பு ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும். இடம்பெயர்வில் தடுப்பூசி அட்டையைத் தொலைத்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. முழுத் தொடரையும் புதிதாகத் தொடங்கலாம்.

ஒருமுறை ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கும் இந்த ஊசி அவசியம். உயிரைக் கொல்லப் போதுமான நச்சின் அளவு, உடலில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டக்கூடப் போதாத அளவு சிறியது.